கலிபோர்னியா கஞ்சா நோயாளி அட்டை மலேசியாவில் செல்லுமா?

பாடாங் செராய் வாசி:
வணக்கம். தீபாவளிக்குக் கலிபோர்னியாவிலிருந்து மாமா வருகிறார். நரம்பு வலிக்காக அங்கே அவருக்குக் கஞ்சா நோயாளி அட்டை இருக்கிறது, டாக்டர் கடிதமும் உண்டு. ஒரு புட்டி கஞ்சா எண்ணெய் கொண்டு வரலாமா என்று கேட்கிறார். இன்னொன்று, பக்கத்து வீட்டில் வலிப்பு உள்ள பிள்ளைக்கு ஹட்யாயில் சிபிடி (கஞ்சாச் செடியில் உள்ள, போதை தராத ஒரு பொருள்) எண்ணெய் வாங்கப் பார்க்கிறார்கள். தாய்லாந்தில்தான் தடை இல்லையே?

சட்டம் தெரிந்தவன்:
கொண்டு வரவே கூடாது என்று இன்றே சொல்லிவிடுங்கள். அந்த அட்டை கலிபோர்னியா மாநில ஏற்பாடு. மாவட்டச் சுகாதாரத் துறை கொடுப்பது, கட்டாயமும் இல்லை. டாக்டர் கடிதம் மருந்துச் சீட்டு ஆகாது. அமெரிக்க மத்திய அரசு 1970 சட்டத்தில் கஞ்சாவை முதல் அட்டவணையில், அதாவது மருத்துவப் பயன் ஏற்கப்படாத போதைப்பொருள் பட்டியலில், வைத்ததால் சீட்டு எழுத வழியில்லாமல் ‘பரிந்துரை’ என்று எழுதுகிறார்கள். மாநிலத்தைத் தாண்டினால் அங்கேயே அது கை கொடுக்காது.

நம் நாட்டில் நோயாளி அட்டை என்ற ஏற்பாடே கிடையாது. 1952 அபாயகர மருந்துச் சட்டப்படி கஞ்சா கொஞ்சம் கையில் இருந்தாலே 5 ஆண்டு வரை சிறை, 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிராமைத் தொட்டால் 2 முதல் 5 ஆண்டு, 3 முதல் 9 ரோத்தான் (பிரம்படி). 50 கிராமானால் குறைந்தது 5 ஆண்டு, ஆயுள் வரை போகும். 200 கிராம் என்றால் கடத்தல் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு நம் தலையில். 2023இல் நீங்கியது கட்டாய மரண தண்டனை மட்டும்தான். தூக்கு இன்னும் சட்டத்தில் இருக்கிறது.

தாய்லாந்து 2022 ஜூனில் தடையை எடுத்தது, 2025 ஜூனில் கஞ்சாப் பூவுக்கு மருத்துவச் சீட்டு கேட்டு இறுக்கியது. எதுவானாலும் புக்கிட் காயு ஹித்தாம் எல்லைச் சாவடியில் பார்ப்பது நம் சட்டத்தைத்தான்.

இன்னொன்றும் மாமாவிடம் சொல்லுங்கள். தொடர்ந்து எடுப்பவர் சிறுநீரில் கஞ்சா வாரக்கணக்கில் தெரியும். எப்போது நிறுத்துவது, பதிலுக்கு என்ன மருந்து என்று பயணத்துக்கு முன்பே அவர் டாக்டரிடம் கேட்கட்டும்.

மருந்தகத்தார்:
சட்டப்படி ஒரு வழி உண்டு. 2021 நவம்பரில் சுகாதார அமைச்சரே நாடாளுமன்றத்துக்கு அளித்த பதில் அது: கஞ்சா கலந்த பொருளை மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையத்தில் பதிய வேண்டும், இறக்குமதி செய்பவருக்கு உரிமமும் அனுமதியும் வேண்டும், பிறகு பதிவுபெற்ற டாக்டரோ அவர் சீட்டைப் பார்த்து உரிமம் உள்ள மருந்தாளரோ கொடுக்கலாம். பதிவான மருந்துப் பெட்டியில் ‘எம்ஏஎல்’ என்று தொடங்கும் எண்ணும் ஹாலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கும். ஹட்யாய் புட்டியில் அது ஏது?

பிள்ளை விஷயம்தான் எனக்குக் கவலை. 2018இல் அமெரிக்கா அங்கீகரித்த சிபிடி வலிப்பு மருந்தான எபிடியோலெக்ஸின் ஆரம்ப அளவு, ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராம். 20 கிலோ பிள்ளைக்கு 100 மில்லிகிராம். கடைப் புட்டியில் ‘10 மில்லி, 300 மில்லிகிராம்’ என்று போட்டிருந்தால் மூன்றே நாளில் காலி. நாளுக்கு இரண்டு சொட்டு விட்டால் சுமார் மூன்று மில்லிகிராம்தான் வரும். சில புட்டிகளில் இருப்பது வெறும் சணல் விதை எண்ணெய். அதில் சிபிடி இல்லை என்றே சொல்லலாம். சரக்கு உண்மையாக இருந்தால் வேறு ஆபத்து: குளோபசாம் என்ற வலிப்பு மாத்திரை எடுக்கும் பிள்ளை எழுப்ப முடியாத அளவுக்குத் தூங்கலாம், வால்புரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்தோடு சேர்ந்தால் கல்லீரல் நொதிகள் ஏறும்.

எண்ணெயை நம்பி வலிப்பு மாத்திரையை நிறுத்தினால் நிற்காத வலிப்பே வந்துவிடும். அதைச் செய்யவே கூடாது. கிளினிக் கெசிஹாத்தானில் (அரசுச் சுகாதார நிலையம்) கடிதம் வாங்கி, பிள்ளைகள் நரம்பியல் நிபுணரிடம் போகச் சொல்லுங்கள். வலிப்பு வந்த தேதி, எத்தனை நிமிடம், கொடுக்கும் மருந்தின் அளவு எல்லாம் ஒரு நோட்டில் இருக்கட்டும். கைப்பேசியில் எடுத்த வீடியோ இருந்தால் இன்னும் நல்லது.

பாடாங் செராய் வாசி:
நன்றி அண்ணே. பக்கத்து வீட்டில் அந்த எண்ணெயைப் பிள்ளைக்கு ஏற்கெனவே நாலைந்து நாள் கொடுத்திருக்கிறார்களாம். டாக்டரிடம் சொன்னால் போலீசுக்குப் போகுமோ என்று பயப்படுகிறார்கள்.

மருந்தகத்தார்:
டாக்டரிடம் மறைக்க வேண்டாம். எந்தத் தேதியில் எத்தனை சொட்டு என்று சொன்னால்தான் கல்லீரல் ரத்தச் சோதனை எழுதுவார். இனி ஒரு சொட்டும் வேண்டாம். பிள்ளை இப்போது அதிகமாகத் தூங்குகிறதா, பால் குடிக்க மறுக்கிறதா? அப்படியானால் கடிதத்துக்குக் காத்திருக்காமல் இன்றே கூலிம் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கொண்டு போங்கள்.