பாரம்பரிய நெல் போடலாமா? அப்பாயி சிரிக்கிறார்

கோரையாறு:
திருத்துறைப்பூண்டி பக்கம் கோயில் நிலம் மூணு மா (சுமார் ஒரு ஏக்கர்) குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறோம். ஆறு வருடமாக சி.ஆர். 1009 என்ற புது ரக நெல்தான். இந்த சம்பாவுக்கு ஒரு மாவில் மட்டும் காட்டுயானம் என்ற பாரம்பரிய நெல்லைப் போடலாமா என்று அப்பாயியிடம் கேட்டேன். 83 வயது. பண்ணையில் நட்டு நட்டே முதுகு வளைந்தவர். பொக்கை வாயோடு சிரித்தார். "நட்டது நாங்க, அறுத்தது நாங்க. தின்னது பண்ணை வூட்டுக்காரங்க. எங்களுக்குக் கூலி நெல்லு, அதுலயும் பாதி கருக்கா. பாரம்பரியம்னு அப்ப எவன் சொன்னான்?"

பதில் சொல்லத் தெரியவில்லை. போன மாதம் தஞ்சாவூரில் ஒரு இயற்கை அங்காடியில் பாரம்பரிய அரிசியின் விலையைப் பார்த்தேன். எங்கள் தெருவில் யாரும் அந்த அரிசியை வாங்க முடியாது, எல்லாருக்கும் ரேஷன் அரிசிதான். நாங்கள் விளைவித்து யாருக்கோ அனுப்புவதற்கு எதற்கு இந்தப் பாடு? போட்டவர்கள் சொல்லுங்கள்.

களத்துமேடு:
நான் நாலு வருடமாகப் போடுகிறேன். முதலில் வேலை. 180 நாள் பயிர், ஆடிக் கடைசிக்குள் விதைத்தால் தை முடிவில் அறுக்கலாம். ஆளுயரத்துக்கு மேல் போகும், வயலில் தண்ணீர் நின்றாலும் தாங்கும். யூரியா மட்டும் போடாதீர்கள், சாய்ந்துவிடும். 1966இல் வந்த ஐ.ஆர். 8 நெல் ரகத்தைக் குட்டையாக ஆக்கியதே உரம் தாங்கி நிற்கத்தான். நெல் கூடியது, வைக்கோல் குறைந்தது. மாட்டுக்கும் கூரைக்கும் எது போட என்று யார் யோசித்தார்கள்?

விதையைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். பாரம்பரிய நெல் விதைகளைத் தேடிச் சேர்த்த மறைந்த நெல் ஜெயராமன், ஆதிரெங்கத்தில் 2 கிலோ கொடுத்து அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பிக் கேட்டார். அதே கணக்கை உங்கள் தெருவுக்குள் வைத்துக்கொள்ளலாம்.

சிவப்புத்துண்டு:
அப்பாயி சொன்னதுதான் சரித்திரம். 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணியில் கூலிக்காரக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரைப் பண்ணையார்களின் ஆட்கள் குடிசையோடு கொளுத்தினார்கள். கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்டதும், செங்கொடியை இறக்க மாட்டோம் என்றதும்தான் குற்றம். அந்த வயல்களிலும் மருந்தில்லாத நெல் விளைந்த காலம் உண்டு. ஆகவே 'முன்னோர் உணவு' என்று யாராவது உருகினால், எந்த முன்னோர் என்று கேளுங்கள். மாப்பிள்ளை சம்பா சாப்பிட்டு இளவட்டக்கல் தூக்கிய கதையும் எனக்கு வேண்டாம்.

அதற்காகப் போட வேண்டாம் என்று சொல்லவில்லை. விற்கிற அளவைக் கடைசியில் முடிவு செய்யுங்கள். முதலில் விதைக்கு, பிறகு வீட்டுக்கு. உயரப் பயிர் சாய்ந்தால் மெஷின் திணறும், கையறுப்புதான். அறுக்க வரும் பெண்களிடம் கூலியில் ஒரு பங்கு இந்த நெல்லாக வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டாமென்றால் முழுசாகப் பணம்.

கோரையாறு:
இதையெல்லாம் அப்பாயிக்குப் படித்துக் காட்டினேன். நெல்லைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "குருணை மருந்து போட மாட்டியா?" என்று, வயலில் தூவும் பூச்சிமருந்தைப் பற்றிக் கேட்டார். மாட்டேன் என்றேன். "அப்ப நத்தை வருமா?"

பிறகு ராத்திரி வரைக்கும் அதே பேச்சு. நடவு முடிந்து வரும்போது மடியில் நத்தை, ஆரைக்கீரை, வரப்பு வளையில் நண்டு, மடைவாயில் கெண்டைக் குஞ்சு. பண்ணை கணக்கில் எழுதாத சாப்பாடு அதுதானாம். கூலி நெல்லில் கஞ்சிதான் தேறும், பிள்ளைகளுக்குத் தெம்பு வந்தது நண்டு ரசத்தில் என்கிறார். மருந்து வந்தபோது அதைக் கொண்டுபோனது யார் என்று யாரும் கேட்கவில்லை.

சரி, ஒரு மா போடுகிறேன். நத்தை வருமா?

களத்துமேடு:
எந்த மா என்பதைப் பொறுத்தது. மேல் வயல்காரர் மருந்தடித்த தண்ணீர் உங்கள் வயல் வழியாக வடிந்தால் வராது. வாய்க்காலில் இருந்து நேராகத் தண்ணீர் பாயும் மாவை ஒதுக்குங்கள். எனக்கு நண்டு இரண்டாம் வருடம் வந்தது. நாற்றை வெட்டிவிட்டது என்று அன்றைக்குத் திட்டினேன்.