புதுப்பிப்பு: பத்துக்குப் பத்தடி அறையில் பேஸ் (தாழ்ந்த ஒலி) காணாமல் போன பிரச்சினை தீர்ந்தது

உதவிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நான் கேட்டிருந்தது இதுதான்: என் அறையில் பாட்டின் ஒலிகளைக் கலந்து சமன்செய்யும்போது (மிக்ஸ்) மிருதங்கத்தின் தொப்பி, அதாவது தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கம், மெலிந்து கேட்கிறது, காரில் போட்டால் அதே பாட்டு குமுறுகிறது, ஏன்?

நாற்காலியை நகர்த்தச் சொன்ன நண்பர்தான் சரியாகப் பிடித்தார். பத்தடி இடைவெளிச் சுவர்களுக்கு நடுவே சுமார் 56 ஹெர்ட்ஸில் நிலையலை, அதாவது நகராமல் நின்ற இடத்திலேயே அதிரும் ஒலி அலை, உருவாகிறது. அறையின் நட்டநடுவில் அந்தத் தாழ்ந்த ஒலி கேட்காது. நான் உட்கார்ந்திருந்தது சரியாக அங்கேதான்! அங்கே கேட்காததால் பேஸைக் கூட்டி வைத்தேன், அதுதான் காரில் குமுறியது. நாற்காலியை முன்சுவரிலிருந்து நாலடிக்குச் சற்றுக் குறைவாகத் தள்ளிப் போட்டேன். தொப்பியின் 'தொம்' முழுசாக வந்துவிட்டது.

அப்புறம் நான்கு மூலைகளிலும் நாலங்குல ராக்வூல் (ஒலியை உறிஞ்சும் கல்நார்ப்பஞ்சு போன்ற கனிம இழை) பலகைகள், பழைய பருத்தி வேட்டியால் மூடி, பின்னால் இடைவெளி விட்டு. அறையில் மிச்சமிருந்த குமுறல் நன்றாக அடங்கியது. முன்பு ஒட்டிய ஓரங்குல ஃபோம் கைதட்டல் எதிரொலியை மட்டும்தான் குறைத்தது, பேஸுக்கு உதவவில்லை.

எதிர்பாராதது: அறை அடங்கியதும் பீரோக் கதவு அதிர்வது கேட்டது. இடுக்கில் மடித்த காகிதம் செருகினேன், நின்றுவிட்டது.