மூவடுக்கா, முந்நிலையா, முப்படையா?

வணக்கம்.

மென்பொருளைத் திரை, கணக்கு, தரவு என்று மூன்றாகப் பிரித்துத் தனித்தனியாக ஓடவிடும் 'த்ரீ டியர்' (three-tier) கட்டமைப்புக்குத் தமிழில் 'முந்நிலை' வைக்கலாம் என்று நேற்று எழுதியிருந்தீர்கள். கோபுரத்துக்கு ஐந்து நிலை, ஏழு நிலை என்கிறோமே, அழகான சொல்தான். ஆனால் 'ஸ்டேட்' (state, அதாவது நிரல் நினைவில் வைத்திருக்கும் விவரம்) என்பதையும் நாம் நிலை என்றுதான் எழுதிவருகிறோம். நடுவில் கணக்குப் பார்க்கும் சேவையகம் (சர்வர்) ஒரு கோரிக்கையை முடித்ததும் அதை மறந்துவிடும்படி அமைப்பதுதான் பெரும்பாலும் வழக்கம். அப்போதுதான் கூட்டம் கூடினால் அதே மாதிரி இன்னும் இரண்டு சேவையகங்களைப் பக்கத்தில் வைக்க முடியும். அந்த 'ஸ்டேட்லெஸ் டியரை' 'நிலையற்ற நிலை' என்று எழுதிப் பாருங்கள், சித்தர் பாடல் மாதிரி இருக்கும்.

அடுத்து 'படை'. அது எங்கள் இலங்கைப் பாடப்புத்தகச் சொல். ஓசோன் படலத்தை ஓசோன் படை என்று படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் 'முப்படைக் கட்டமைப்பு' என்று ஓர் ஆவணத்தைக் கொழும்பில் யாரிடமாவது கொடுத்தால், பாதுகாப்பு அமைச்சிலிருந்து வந்ததா என்று கேட்பார்கள்.

அதற்காகப் படையைக் கைவிட வேண்டாம், 'லேயர்' என்பதற்கு அது வேண்டும். லேயர், டியர் இரண்டையும் அடுக்கு என்றே எழுதுவதால் வரும் வினையை நான் நேரில் பார்த்தேன். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கடை, வேறு இடங்களிலும் கிளைகள் உண்டு. 2024 ஜனவரி 1 முதல் வற் (VAT) வரி 15 சதவீதத்திலிருந்து 18 ஆனது. அதை மாற்ற அவர்களது மென்பொருளின் நிரலைத் திறந்து பார்த்தேன்: திரைக்கு ஒரு கோப்புறை, கணக்குக்கு ஒன்று, தரவுக்கு ஒன்று. படு சுத்தம். மூன்று அடுக்கு என்றுதான் விற்றிருந்தார்கள். ஆனால் அந்த மூன்று கோப்புறைகளும் ஒவ்வொரு காசாளர் கணினியிலும் நிறுவப்பட்டு, அங்கிருந்தே தரவுத்தளத்தோடு நேரடியாகப் பேசின. தரவுத்தளத்தின் கடவுச்சொல்லும் அத்தனை கணினியிலும் கிடந்தது. விளைவு, டிசெம்பர் 31 இரவு வெளியே பட்டாசு வெடிக்க, நான் கணினி கணினியாகப் போய் 15ஐ 18 ஆக்கினேன். ஒன்றைத் தவறவிட்டேன். புத்தாண்டன்று அந்தக் கணினி மட்டும் பழைய வரியில் பில் அடித்தது.

அங்கே படை மூன்று, அடுக்கு இரண்டுதான். நிரலுக்குள் பிரிப்பது படை. தனித்தனியாக ஓடி, வலையமைப்பு வழியே பேசிக்கொள்வது அடுக்கு. கணக்கு நடுவில் தனியாக ஓடியிருந்தால் ஒரே இடத்தில் மாற்றிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். எனவே என் வாக்கு 'மூவடுக்கு'. ஈரடுக்கு, பல்லடுக்கு என்று நீட்டவும் வசதி.

அடுக்குகளின் பெயர்களில் காட்சியடுக்கு, தரவடுக்கு இரண்டுக்கும் சண்டை இருக்காது. நடுவில் உள்ள 'பிசினஸ் லாஜிக்' என்பதை 'வணிக ஏரணம்' (ஏரணம் என்றால் தர்க்கம்) என்று மொழிபெயர்த்தது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆஸ்பத்திரி மென்பொருளிலும் அந்த அடுக்கு உண்டு, அங்கே ஏது வணிகம்? (சரி, தனியார் ஆஸ்பத்திரியை விடுங்கள்.) யாருக்கு எவ்வளவு கழிவு, எத்தனை நாள் லீவு, என்ன வரி என்று அந்த நிறுவனத்தின் விதிகள் இருக்கும் இடம் அது. 'விதியடுக்கு' என்று வைப்போமா?

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். தலைவிதி என்று கிண்டல் செய்வார்கள் என்பதை மட்டும் காரணமாகச் சொல்ல வேண்டாம், அலுவலகத்தில் ஏற்கெனவே செய்துவிட்டார்கள்.