தன்னை அறியாதவருக்கு உறவு நிலைக்குமா? ஒரு விவாதம்

தம்பிலுவிலான்:
எங்கள் கிழக்கிலங்கைப் பக்கத்தில் சம்பந்தம் பேசும்போது குடி, அதாவது தாய்வழிக் குலம், கேட்கிறோம், சாதகம் பார்க்கிறோம், சீதன வீட்டுக்குக் கூரை போட்டு முடிந்ததா என்றுகூட எட்டிப் பார்க்கிறோம். வரப்போகும் மாப்பிள்ளைக்குத் தன்னைப் பற்றி என்ன தெரியும் என்பதை மட்டும் எவரும் விசாரிப்பதில்லை. தன்னை அறியாதவரால் எந்த உறவையும் நெடுநாள் நல்லபடி கொண்டுசெல்ல முடியாது என்பது என் கட்சி. அதற்கு என்னையே சாட்சியாக வைக்கிறேன்.

பெரியகல்லாற்றில் மணம் முடித்து, இங்குள்ள வழமைப்படி மனைவியின் வீட்டிலேயே குடியிருக்கிறேன். வந்த புதிதில் மாமா மாலைதோறும் வெள்ளாமையைப் பற்றிக் கேட்பார்: பசளை போட்டாயிற்றா, தண்ணீர் வந்ததா, ஏக்கருக்கு எத்தனை மூடை எதிர்பார்க்கலாம் என்று. என்னிடம் கணக்குக் கேட்கிறார் என்று எண்ணி, ஒரு பெரும்போக நெற்பருவம் முழுவதும் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. இடையில் அகப்பட்டு வருந்தியவர் என் மனைவிதான். மாமா சீதனமாகத் தந்த வயலில் அவரைப்போல் விளைவிக்க என்னால் முடியாதோ என்ற அச்சம் எனக்குள் இருந்ததும், அதுவே கோபமாக வெளிப்பட்டதும் பிறகுதான் விளங்கியது. இதைக் கலியாணத்துக்கு முன்பே அறிந்திருந்தால் அந்த நல்ல மனிதரை அத்தனை நாள் நோகவைத்திருக்க மாட்டேன்.

கல்லடி ரீச்சர்:
தம்பி, உங்கள் சாட்சி எனக்காகவே பேசுகிறது. அந்த அச்சத்தைக் கலியாணத்துக்கு முன்பு நீங்கள் எங்கே தேடியிருப்பீர்கள்? அப்போது மாமாவும் இல்லை, அந்த வயலும் இல்லை. உறவு வந்த பிறகுதான் அது பிறந்தது, உறவுதான் அதை உங்களுக்குக் காட்டியது. ஊர் வடசேரி, தென்சேரி என்று இரு கட்சியாகப் பிரிந்து, மரக்கொம்புகளை ஒன்றோடொன்று பூட்டி இழுக்கும் கொம்புமுறி விளையாட்டைப் பார்த்திருப்பீர்கள். எந்தக் கொம்பு உரமானது என்பது மற்றச் சேரியின் கொம்போடு பூட்டி இழுக்கும்போதுதான் தெரியும். வீட்டு மூலையில் சாத்திவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் தெரியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தனியே அமர்ந்து உள்ளே பார்த்தால் உண்மை தெரியும் என்ற நம்பிக்கையே ஆட்டம் கண்டது. ரிச்சர்ட் நிஸ்பெட், திமதி வில்சன் என்ற இரு உளவியலாளர்கள் 1977இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. கடைக்கு வந்தவர்களின் முன்னால் ஒரே மாதிரியான 4 சோடி நைலோன் காலுறைகளை வரிசையாக வைத்து, தரமானது எது என்று கேட்டார்கள். வலது ஓரத்தில் இருந்ததையே கூடுதலானோர் தெரிவு செய்தார்கள். ஆனால் காரணம் கேட்டபோது அது இருந்த இடத்தை ஒருவரும் சொல்லவில்லை. ஒரு காலுறையைத் தெரிந்ததற்கே காரணம் அறியாத மனிதர், மாமனாரிடம் கோபப்பட்டதற்கான காரணத்தைத் தனியே இருந்து கண்டுபிடித்துவிடுவாரா?

தம்பிலுவிலான்:
ரீச்சர், காலுறை வாங்குவதில் எவருக்கும் நோவு இல்லை. ஆகவே அங்கே உள்ளே பார்க்க எதுவும் இருக்கவில்லை. காரணத்தை அறிவது வேறு, நெஞ்சில் நடப்பதை அறிவது வேறு. சிமின் வசீர் என்ற ஆய்வாளர் 2010இல் காட்டியதும் இந்த வேறுபாட்டைத்தான். ஒருவருடைய அறிவாற்றலை நண்பர்கள் அவரை விடச் சரியாக மதிப்பிடுகிறார்கள்; பதற்றம் போன்ற உள்நிலைகளைப் பொறுத்தவரை அவரே நன்றாக அறிகிறார். நான் பேசுவது இந்த இரண்டாவதைப் பற்றி. கொம்புமுறியை நீங்கள் எடுத்ததால் சொல்கிறேன்: பூட்டுவதற்கு முன்பே கொம்பைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள், வெடித்த கொம்பை எவரும் களத்துக்குக் கொண்டுபோவதில்லை.

ஆரையம்பதி மகள்:
இருவரும் ஆண்கள் கோபப்படுவதைப் பற்றியே பேசுவதால் ஒரு பெண்ணாக இடையில் வருகிறேன். எனக்கு நெருங்கிய ஒருத்தியின் கணவர் கட்டாரில் 9 வருடம் வேலை செய்துவிட்டு வந்தவர். தன்னைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. தனக்குக் கோபம் வரும், தனிமையில் இருந்து பழகிவிட்டேன், கேள்வி கேட்டால் பிடிக்காது என்று எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்வார். பாத்திரம் உடைந்த பிறகும் அதையேதான் சொல்வார்: "நான் முதலே சொன்னேன்தானே." தன்னை அறிந்திருப்பது அந்த வீட்டில் அவருக்கு ஓர் அனுமதிப்பத்திரமாகப் பயன்படுகிறது. இதற்குத் தம்பிலுவிலான் அண்ணன் என்ன சொல்கிறார்?

தம்பிலுவிலான்:
தங்கச்சி, அது தன்னை அறிவது ஆகாது, தன்னைப் பற்றி அறிவித்தல் மட்டுமே. தன் கோபத்தை அறிந்தவர் அது மற்றவரில் எங்கே விழுகிறது என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

கல்லடி ரீச்சர்:
இப்போது வேலியைச் சற்று நகர்த்திப் போடுகிறீர்கள், தம்பி. மற்றவரில் எங்கே விழுகிறது என்பதை அந்த மற்றவர் சொல்லாமல் எப்படி அறிவது? 1955இல் ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்ஹாம் ஆகிய உளவியலாளர் இருவர் வகுத்த ஜொஹாரி சாளரம், ஒருவரைப் பற்றித் தனக்கும் பிறருக்கும் தெரிந்ததையும் தெரியாததையும் நான்கு கட்டமாகப் பிரிக்கிறது. அதில், பிறருக்குத் தெரிந்தும் நமக்குத் தெரியாத பகுதிக்கென்றே ஒரு கட்டம் இருக்கின்றது. எவ்வளவு நேரம் கண்ணை மூடித் தியானித்தாலும் அந்தக் கட்டம் திறக்காது; அருகில் இருப்பவர் பயமின்றிப் பேசினால்தான் திறக்கும். நான் 30 வருடத்துக்கு மேல் வகுப்பறையில் நின்றவள். என் குரல் பிள்ளைகளை நடுங்கவைக்கிறது என்பதை ஒரு சிறுமி அழுதபடி சொன்ன நாளில்தான் அறிந்தேன். அதுவரை என்னைக் கண்டிப்பும் கனிவும் உள்ளவள் என்று மனமார நம்பியிருந்தேன். ஆகவே, கட்டார் சென்று வந்தவர் தன்னை அறியவில்லை என்பதை விட, மனைவி தனக்கு எதையும் அறிவிக்க அவர் இடம் கொடுக்கவில்லை என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

தம்பிலுவிலான்:
இடம் கொடுப்பதற்கும் ஓர் ஆயத்தம் வேண்டும், ரீச்சர். அந்தச் சிறுமியின் அழுகையைக் கேட்டு நீங்கள் வெட்கப்பட்டீர்கள். இன்னொருவர் அவளை வெளியே அனுப்பியிருப்பார். அந்த வெட்கத்தை எந்த உறவும் உங்களுக்குத் தரவில்லை, நீங்கள்தான் கொண்டுவந்தீர்கள். என் கட்சியை அந்த அளவுக்குச் சுருக்கிக்கொள்கிறேன், கைவிடவில்லை.

ஆரையம்பதி மகள்:
அண்ணன், முதலில் எழுதியதை உங்கள் மனைவி படித்தாரா?

தம்பிலுவிலான்:
சற்று முன்புதான் படித்தார். ஒரு போகம் அல்ல, இரண்டு போகம் என்று திருத்தச் சொல்கிறார்.