பாஞ்சோ ஏ-வுக்குப் போனால் டல்சிமரை என்ன செய்வது?

ஆறரை:
கிளாஹாமர் பாணியில் (நகத்தால் கம்பியைக் கீழ்நோக்கி அடித்து) பாஞ்சோ வாசிக்கும் நண்பருடன் அமெரிக்காவின் அப்பலேச்சியன் மலைப்பகுதிப் பழைய மெட்டுகளை வாசித்து வருகிறேன். என் மலை டல்சிமர் (மடியில் வைத்து மீட்டும் கம்பி வாத்தியம்) எப்போதும் டி-ஏ-டி, அதாவது பேஸ் கம்பி, நடுக்கம்பி, மெட்டுக் கம்பி என்ற வரிசையில் சுருதி. அவர் பாஞ்சோவை ஏ-டி-ஏ-டி-ஈ என்று வைத்து டி-யில் வாசிக்கும்வரை சுகம். ஏ-வுக்கு மாறினால்தான் தகராறு. மெட்டு எங்கே போனாலும் என் பேஸ் கம்பி டி-யிலேயே முனகுகிறது. நான்காம் ஃபிரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) போட்டால் மூன்று கம்பிகளும் ஏ-ஈ-ஏ ஆகிவிடும், அதோடு விஷயம் முடிந்தது என்பது என் கட்சி. நண்பரோ "சுருதியை மாற்று" என்கிறார். ஒவ்வொரு முறையும் எதற்கு மாற்ற வேண்டும்?

நோட்டர்கட்டை:
மாற்றத்தான் வேண்டும். நான்காம் ஃபிரெட்டில் கேப்போ போட்டால் கம்பி நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. 27 அங்குலக் கம்பி 18 அங்குலமாகிவிடும். டல்சிமரின் அழகே அடியில் ஓடும் சுருதிதான். அதைத் தூக்கிப் பாஞ்சோ நிற்கிற உயரத்திலேயே வைத்தால் யார் காதில் விழும்? சத்தத்தில் பாஞ்சோவை ஜெயிக்கிற வாத்தியமா இது?

இன்னொன்று. ஏ மேஜர் மெட்டில் ஜி-ஷார்ப் வந்தால் என்ன செய்வீர்கள்? மெட்டுக் கம்பியில் 10-ம் ஃபிரெட்டில் ஜி, 11-ல் ஏ. நடுவில் ஃபிரெட்டே இல்லை, வெறும் மரம். அதற்குப் பதில் டி-ஏ-ஏ வைத்து, பேஸை மட்டும் ஒரு முழுச் சுரம் ஏற்றி ஈ-ஏ-ஏ ஆக்குங்கள். திறந்த கம்பியே சட்ஜம். 6-ல் ஜி, 6-க்கும் 7-க்கும் நடுவே உள்ள ஆறரை ஃபிரெட்டில் ஜி-ஷார்ப். ஓல்ட் ஜோ கிளார்க் போல ஜி வரும் மெட்டுக்கு 6, மேஜருக்கு ஆறரை.

ஆறரை:
பேஸ் சரி, மெட்டுக் கம்பியை மறந்துவிட்டீர்களே. என்னிடம் இருப்பது டி-க்கான 0.012 அங்குலக் கம்பி. அதைக் கீழே உள்ள ஏ-வுக்கு இறக்கினால் தொளதொளவென்று ஃபிரெட்டில் அடிக்கும். ஏ-வுக்கு ஏற்ற தடித்த கம்பி போட்டால், திரும்ப டி-க்கு ஏற்றும்போது இழுவிசை கிட்டத்தட்ட 1.8 மடங்காகும். அறுந்தால் கண்ணுக்கு யார் பொறுப்பு? இரண்டாவது டல்சிமர் வாங்கச் சொல்லாதீர்கள், வீட்டில் முதலாவதற்கே இன்னும் கணக்குக் கேட்கிறார்கள்.

அப்புறம், உங்கள் ஈ-ஏ-ஏ மெட்டுக் கம்பியில் சி-ஷார்ப் உண்டு, சி கிடையாது. பாஞ்சோக்காரர் ஸாமில் என்ற சுருதி அமைப்பை வைத்து டோரியன் பக்கம் போனால், அதாவது நம் கரகரப்ரியா சுரங்கள் வந்தால், நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். என் கேப்போவில் 6-ல் சி, ஆறரையில் சி-ஷார்ப், இரண்டும் உண்டு.

நோட்டர்கட்டை:
அந்த ஆறரை ஃபிரெட்டே இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில்தான் பரவியது. கென்டக்கியின் வைப்பரில் 1922-ல் பிறந்த பாடகி ஜீன் ரிட்சி, மெட்டுக் கம்பியையும் நடுக்கம்பியையும் ஒரே சுரத்தில் வைத்துத்தான் உலகத்துக்கே டல்சிமரைக் காட்டினார். சட்ஜம் மூன்றாம் ஃபிரெட்டில் இருக்கும். கீழே இறங்கும் சுரங்களுக்கு வேறு கம்பிக்குத் தாவ வேண்டாம், ஒரே கம்பியில் நோட்டரை (கம்பியை அழுத்தும் சிறு கட்டை) நகர்த்தினால் போதும்.

ஆறரை:
ரிட்சி மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் அவர் டல்சிமரை வைத்துக்கொண்டது பெரும்பாலும் தன் பாட்டுக்குத் துணையாக. பக்கத்தில் பாஞ்சோ உட்கார்ந்தால் என்ன செய்வது என்பதுதான் இங்கே கேள்வி.

ஐந்தாங்கம்பி:
பாஞ்சோக்காரன் நான், குறுக்கே வருகிறேன். கேப்போ ஏதோ தீட்டு என்பதுபோல் பேசாதீர்கள். ஏ-வுக்கு நாங்களே இரண்டாம் ஃபிரெட்டில் கேப்போ போட்டு, ஐந்தாம் கம்பியை ஜி-யிலிருந்து ஏ-வுக்கு ஏற்றுகிறோம். ஆனால் ஆறரை சொல்லும் "ஒவ்வொரு முறையும்" என்பதும் ஒப்பாது. இந்தக் கச்சேரிகளில் ஒரு சுருதியில் உட்கார்ந்தால் வெகுநேரம் அங்கேயேதான். பிடிலும் சுருதி மாற்ற வேண்டியிருப்பதால் யாரும் மெட்டுக்கு மெட்டு தாவுவதில்லை.

ஸாமில் பற்றி ஒன்று. கேப்போவோடு அது ஏ-ஈ-ஏ-டி-ஈ. திறந்த கம்பிகளில் காந்தாரமே கிடையாது. சி-யா, சி-ஷார்ப்பா என்பதைப் பிடில்தான் தீர்மானிக்கும், சில பழைய பிடில்காரர்கள் இரண்டுக்கும் நடுவே வைப்பார்கள். அங்கே டல்சிமர் காந்தாரமும் சேர்த்து முழு மேஜர் கார்டு (ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டு) அடித்தால் கூட்டமே திரும்பிப் பார்க்கும். கேப்போ போட்டாலும், சுருதியை மாற்றினாலும், எதுவானாலும் கார்டை விடுங்கள். பிடிலோடும் பாஞ்சோவோடும் நிஜமாகவே உட்கார்ந்து வாசித்தவர்கள் வர்ஜீனியாவின் கேலக்ஸ் பக்கத்துக்காரர்கள். நான்கு கம்பிகளும் ஒரே சுரம், இடக்கையில் நோட்டர், வலக்கையில் இறகு, கார்டு என்ற பேச்சே இல்லை. 1935-ல் தொடங்கிய கேலக்ஸ் பிடில் மாநாட்டில் டல்சிமருக்குத் தனிப் போட்டியே உண்டு.

நோட்டர்கட்டை:
கார்டு விஷயத்தில் நூற்றுக்கு நூறு. ஆறரைக்கு ஒரு வழி சொல்கிறேன். உங்கள் டி-ஏ-டி அப்படியே இருக்கட்டும். பேஸை மட்டும் ஈ-க்கு ஏற்றுங்கள்: ஈ-ஏ-டி. ஈ, ஏ இரண்டும் சுருதி. மெட்டுக் கம்பியில் சட்ஜம் நான்காம் ஃபிரெட், சி 6-ல். கேப்போவால் இழந்த கீழ் சுரங்கள், ஜி-யும் ஈ-யும் திரும்பக் கிடைக்கும். இழுவிசை நாலில் ஒரு பங்குதான் கூடும், பேஸ் கம்பி தாங்கும். ஜி-ஷார்ப் உள்ள மெட்டுக்கு இது உதவாது, அதற்கு ஈ-ஏ-ஏ தான்.

ஆறரை:
மெட்டுக் கம்பியை விரல் வைக்காமல் மீட்டினால் டி ஒலிக்குமே?

ஐந்தாங்கம்பி:
ஸாமிலில் என் இரண்டாம் கம்பியும் அதே டி தான். கொஞ்சம் ஒலிக்கட்டும், அந்த மெட்டுகளுக்கு அது பொருந்தும்.

ஆறரை:
சரி, ஸாமிலுக்கு ஈ-ஏ-டி. ஜி-க்கு மட்டும் நான் கேப்போவை விட மாட்டேன். மூன்றாம் ஃபிரெட்டில் போட்டால் ஜி-டி-ஜி, சுத்தமான சங்கராபரணம்.

நோட்டர்கட்டை:
நடுக்கம்பியை ஒரு சுரம் இறக்கி டி-ஜி-டி வையுங்கள். அதே சங்கராபரணம், முழு நீளக் கம்பியில்.