புது மலை சைக்கிள்: கியர் தாவுது, முன் பிரேக் அலறுது, ஹேண்டிலில் தட்டல். எதில் ஆரம்பிப்பது?

கேள்வி:
வணக்கம். வாங்கி மூன்று வாரம் ஆன ஹார்ட்டெயில் (பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத மலை சைக்கிள்). 29 அங்குலச் சக்கரம், முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் 9 கியர், இரண்டு பக்கமும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், 100 மி.மீ. காற்று ஃபோர்க், 2.25 அங்குல டயர், உள்ளே டியூப். ஓடியது சுமார் 150 கி.மீ. என் எடை 72 கிலோ.

சிக்கல்கள் மூன்று.
1. பின் பல்சக்கரங்களில் சின்னப் பல்லிலிருந்து பெரிய பல்லுக்கு ஏற்றும்போது நடு கியர்களில் செயின் தயங்குகிறது. டக் டக் என்று சத்தம் போட்டு, ஒரு சுற்று கழித்துத்தான் ஏறுகிறது. இறக்கும்போது பிரச்சினை இல்லை. முதல் 100 கி.மீ. வரை இதெல்லாம் கிடையாது.
2. போன வாரம் கழுவி, செயினுக்கு ஸ்பிரே எண்ணெய் அடித்தேன். மறுநாளிலிருந்து முன் பிரேக் பயங்கரமாகக் கத்துகிறது, பிடிப்பும் பாதியாகிவிட்டது.
3. முன் பிரேக்கைப் பிடித்து மேடுபள்ளத்தில் இறங்கினால் ஹேண்டில் பக்கத்தில் 'டொக்' என்று ஒரு தட்டல்.

டயரில் 50 பி.எஸ்.ஐ. காற்று வைத்திருக்கிறேன், பக்கச்சுவரில் அதுதான் போட்டிருக்கிறது. எதை முதலில் பார்ப்பது?

பதில் 1:
மூன்றாவதை முதலில் பாருங்க. மற்ற இரண்டும் தொந்தரவு, இது ஆபத்து. தட்டல் சரியாகும் வரை கரடுமுரடான இறக்கத்துக்குப் போக வேண்டாம்.

தட்டல் வரக்கூடிய இடம் நாலு: ஹெட்செட் (ஹேண்டிலும் ஃபோர்க்கும் திரும்ப உதவும் பேரிங்), முன் அச்சு, கேலிப்பருக்குள் (பிரேக்கின் கவ்வி) பேட், ஃபோர்க்கின் உள் புஷ். முதலில் அச்சு நன்றாக இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, ஹெட்செட்டின் கீழ்க்கிண்ணமும் ஃபோர்க்கும் சேரும் இடுக்கில் ஒரு விரலை வைத்து, சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். விரலுக்கு அந்த இடுக்கு திறந்து மூடுவது தெரிந்தால் ஹெட்செட் தளர்வு. விரலுக்கு ஒன்றும் தெரியாமல் தட்டல் மட்டும் கேட்டால், ஹேண்டிலை 90 டிகிரி திருப்பி வைத்து, பிரேக் பிடிக்காமல் ஆட்டிப் பாருங்கள். அப்போது தட்டல் மறைந்தால் அது பேட் கேலிப்பருக்குள் ஆடுவது. துளி ஆட்டம் எல்லா டிஸ்க் பிரேக்கிலும் உண்டு, அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

புது சைக்கிளில் பெரும்பாலும் ஹெட்செட்தான். பேரிங்கும் கிண்ணமும் முதல் சில சவாரிகளில் உட்கார்ந்துகொள்ளும், இடைவெளி விழும். இறுக்கும்போது வரிசை மாறக்கூடாது:

ஸ்டெமின் (ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் துண்டு) பக்கவாட்டு போல்ட் இரண்டையும் முதலில் தளர்த்துங்கள். இதைச் செய்யாமல் ஸ்டெமின் உச்சியிலுள்ள மேல்மூடியை எவ்வளவு திருகினாலும் ஒன்றும் நடக்காது, மரைதான் போகும். பிறகு மேல்மூடி போல்ட்டை எட்டில் ஒரு சுற்றாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் நின்றதும் நிறுத்துங்கள். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினால் ஹேண்டில் தன் எடையிலேயே பக்கத்துக்குச் சாய வேண்டும். சாயாமல் நின்றால் அதிகமாக இறுக்கிவிட்டீர்கள். கடைசியாக ஸ்டெமைச் சக்கரத்துக்கு நேராக வைத்து, பக்க போல்ட்களை மாற்றி மாற்றி இறுக்குங்கள். எவ்வளவு என்பது ஸ்டெம்மிலேயே அச்சடித்திருக்கும், வழக்கமாக 5 அல்லது 6 நியூட்டன் மீட்டர்.

ஃபோர்க்கைப் பிடித்திருப்பது மேல்மூடி என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது பேரிங்கின் இறுக்கத்தை அமைக்க மட்டுமே. பிடித்திருப்பது அந்தப் பக்க போல்ட்கள்.

பதில் 2:
பிரேக் சத்தத்துக்கு: பேடைக் கழற்றி கேஸ் அடுப்பில் காட்டி எண்ணெயை எரித்துவிடுங்க, சரியாயிடும். ரோட்டாரை (பேட் பிடிக்கும் டிஸ்க் தட்டு) பெட்ரோல் போட்டுத் துடைங்க. கியருக்கு, பின் டீரெய்லரில் (செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் கருவி) எல் என்று போட்ட திருகை அரைச் சுற்று தளர்த்தினா ஏறும்.

பதில் 3:
மன்னிக்கணும், மேலே உள்ள மூன்றுமே வேண்டாம்.

எல், எச் திருகுகள் செயின் போகக்கூடிய எல்லையைக் குறிப்பவை, அவ்வளவுதான். நடு கியரில் வரும் தயக்கத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. எல் திருகைத் தளர்த்தினால் செயின் பெரிய பல்லைத் தாண்டி ஸ்போக்குக்குள் விழும். 100 கி.மீ. வரை ஒழுங்காக ஓடிய சைக்கிளில் எல்லை தானாக மாறாது.

மாறியது கேபிளின் இழுவிசை. 'கேபிள் நீண்டுவிட்டது' என்பார்கள். உண்மையில் உள்கம்பி நீள்வது கொஞ்சம்தான். வெளியுறையின் முனைகள் அவற்றின் குழிகளில் அழுந்தி உட்காருவதால் கம்பி தளர்கிறது. 9 கியர் கேசட்டில் (பின் பல்சக்கரத் தொகுதி) ஒரு பல்லுக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி சுமார் 4.3 மி.மீ.தான், அதனால் சிறு தளர்வும் தெரிந்துவிடும். பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கினால் கம்பி தளர்வு. சின்னப் பல்லுக்கு இறங்கத் தயங்கினால் கம்பி அதிக இறுக்கம், அல்லது உறைக்குள் அழுக்கு. உங்களுடையது முதல் வகை.

பின் டீரெய்லரிலோ ஷிஃப்டரிலோ (ஹேண்டிலில் கியர் மாற்றும் லீவர்) கேபிள் நுழையும் இடத்தில், கையால் திருப்பக்கூடிய ஒரு சின்ன உருளை இருக்கும். கேபிள் உள்ளே போகும் திசையில் பார்த்தபடி, அதை இடப்பக்கமாகக் கால் சுற்று திருப்புங்கள், அதாவது திருகைக் கழற்றும் திசை. ஓட்டிப் பாருங்கள். போதவில்லை என்றால் இன்னொரு கால் சுற்று. துல்லியமாக வேண்டுமென்றால், செயினைக் கடைசிக்கு முந்தைய சின்னப் பல்லில் வைத்து பெடலைச் சுற்றிக்கொண்டே உருளையைத் திருப்புங்கள். செயின் அடுத்த பெரிய பல்லில் உரசும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் மறையும் வரை மட்டும் பின்னால் திருப்பினால் அதுதான் சரியான இடம்.

இரண்டு மூன்று சுற்று திருப்பியும் சரியாகவில்லை என்றால் உருளையை நம்பாதீர்கள். சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து பாருங்கள்: டீரெய்லரின் இரண்டு குட்டிச் சக்கரமும் பல்லும் ஒரே நேர்க்கோட்டில் தொங்க வேண்டும். கீழ்ச்சக்கரம் ஸ்போக் பக்கம் சாய்ந்திருந்தால் ஹேங்கர் (டீரெய்லரைச் சைக்கிள் சட்டத்தோடு இணைக்கும் துண்டு) வளைந்திருக்கிறது. வலப்பக்கமாக ஒருமுறை விழுந்தாலே வளையும், பெட்டியில் வரும்போதும் வளையும். வளைந்த ஹேங்கரோடு எத்தனை முறை சரிசெய்தாலும் ஒரு கியர் சரியானால் இன்னொன்று கெடும்.

பதில் 4:
பிரேக்கைப் பற்றி நான் சொல்றேன்.

ஸ்பிரே எண்ணெய் காற்றில் துளியாகப் பறந்து ரோட்டாரில் உட்கார்ந்திருக்கு, பேட் அதை உறிஞ்சிடுச்சு. கத்தலும் பிடிப்புக் குறைவும் சேர்ந்து வந்தா எண்ணெய்தான் காரணம். ஈரத்தில் வரும் கத்தல் நாலு தடவை பிடித்தால் போயிடும், இது போகாது.

ரோட்டாரைக் காப்பாத்தலாம். 90 சதவீதத்துக்கு மேல் உள்ள ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், சுத்தமான துணி. துணியின் ஒரே பகுதியால் இரண்டு தடவை துடைக்காதீங்க, துடைத்த எண்ணெய் திரும்பப் பூசப்படும். துணி கருப்பாவது நிற்கும் வரை துடைக்கணும். பெட்ரோல் வேண்டாம், காய்ந்த பின்னும் படலம் விடும்.

பேட் விஷயம் கஷ்டம். லேசாகப் பட்டிருந்தா, தட்டையான இடத்தில் 120 எண் உப்புத்தாளை விரித்து மேற்பரப்பை எட்டுப் போடுற மாதிரி தேய்த்து, ஆல்கஹாலில் துடைத்துப் பார்க்கலாம். தேய்க்கும் தூசியை மூக்கில் ஏத்திக்காதீங்க. ஆழமா உறிஞ்சியிருந்தா, முக்கியமா ஆர்கானிக் (பிசின் வகை) பேடா இருந்தா, புதுசு போடுறதுதான் வழி. அடுப்பில் எரித்தா உராய்வுப் பொருளைப் பிடித்திருக்கும் பிசின் கருகும், பின்தட்டிலிருந்து பெயரக்கூட வாய்ப்பு இருக்கு. இறக்கத்தில் பெயர்ந்தா என்ன ஆகும்னு யோசிங்க. ஷிமானோ கணக்குப்படி உராய்வுப் பொருள் 0.5 மி.மீ.க்குக் கீழே போனாலும் மாத்தணும்.

சக்கரம் கழற்றியிருக்கும்போது பிரேக் லீவரைப் பிடிக்காதீங்க. பிஸ்டன் வெளியே வந்து பேட் ஒட்டிக்கும். பிடித்துட்டா, பிளாஸ்டிக் டயர் லீவரால் மெதுவா நெம்பித் தள்ளுங்க. திருப்புளி வேண்டாம்.

புது பேட் போட்ட பிறகு பழக்கணும். மணிக்கு 20 கி.மீ. வேகத்திலிருந்து நடை வேகம் வரை ஒரே சீராகப் பிடித்துக் குறைக்கணும், 20 தடவை. பிறகு 30 கி.மீ. வேகத்திலிருந்து 10 தடவை. சக்கரம் பூட்டக்கூடாது, முழுசா நிற்கவும் கூடாது. பேடின் ஒரு மெல்லிய படலம் ரோட்டாரில் சீராகப் படியணும், அதுக்காகத்தான். நின்ற இடத்தில் சூட்டோடு பிடித்து வைத்தா அங்கே திட்டாகப் படிந்து, பிறகு அதுவே அதிரும். உங்க சைக்கிளை முதல் நாளே இப்படிப் பழக்கலைன்னா பின் பிரேக்குக்கும் செய்திடுங்க.

பதில் 1:
50 பி.எஸ்.ஐ. பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். பக்கச்சுவரில் இருப்பது உச்சவரம்பு, பரிந்துரை அல்ல. உங்கள் எடைக்கும் டயருக்கும், டியூபோடு, முன்னால் 28, பின்னால் 30 என்று ஆரம்பியுங்கள். கல்லில் ரிம் இடித்தால் 2 கூட்டுங்கள். ஹேண்டில் அதிர்வில் பாதி இதனால்கூட இருக்கலாம்.

கேட்டவர்:
நன்றி எல்லோருக்கும். ஹெட்செட்தான், இடுக்கில் விரல் வைத்ததும் தெரிந்தது. நீங்கள் சொன்ன வரிசையில் இறுக்கினேன், தட்டல் போய்விட்டது. கியருக்கு உருளையில் முக்கால் சுற்று போதுமானது. பேட் தேய்த்தும் கத்துகிறது, புதுசு வாங்கப் போகிறேன்.

இரண்டு சந்தேகம். டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தின் அளவைக் காட்டும் கருவி) இல்லாமல் 5 நியூட்டன் மீட்டரை எப்படி அறிவது? செயினுக்கு இனி எண்ணெய் எப்படிப் போடுவது? தொட்டால் பிசுபிசு என்று இருந்ததால்தான் கழுவினேன்.

பதில் 3:
10 செ.மீ. நீளக் கைப்பிடியின் நுனியில் சுமார் 5 கிலோ எடையைத் தொங்கவிட்டால் வருவது 5 நியூட்டன் மீட்டர். ஒரு தராசுக் கொக்கியை ஆலன் கீயின் நுனியில் மாட்டி, செங்குத்துக் கோணத்தில் இழுத்துப் பார்த்தால் கைக்கு அளவு பழகிவிடும். கார்பன் ஹேண்டில்பார் என்றால் மட்டும் இந்தக் குறுக்குவழி வேண்டாம், ரெஞ்ச் வாங்குங்கள். அதே கையோடு பெடலையும் பாருங்கள், அதற்கு 35 தேவை. இடப்பக்கப் பெடலுக்குத் தலைகீழ் மரை, வலப்பக்கம் திருப்பினால் கழலும். ரோட்டாரின் ஆறு டி25 போல்ட்களும் ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டியவை.

பதில் 4:
அந்தப் பிசுபிசுப்பு தொழிற்சாலையில் போட்ட கிரீஸ். வெளியே இருப்பதைத் துணியால் துடைத்தால் போதும், உருளைகளுக்குள் இருப்பதைக் கரைத்து எடுத்திருக்கத் தேவையில்லை. இனி துளித்துளியாக விடும் எண்ணெய்தான், ஸ்பிரே வேண்டாம். செயினின் கீழ்ப்பகுதியில், உள்பக்கமாக, ஒவ்வொரு உருளைக்கும் ஒரு துளி. பெடலைப் பின்னோக்கிப் பத்து சுற்று சுற்றி, சில மணி நேரம் ஊறவிட்டு, வெளியே இருப்பதை முழுக்கத் துடைத்துடுங்க. எண்ணெய் வேலை செய்வது உருளைக்குள்ளே, வெளித்தகட்டில் நின்றா மண்ணைத்தான் சேர்க்கும்.

கழுவும்போது ஹப், பெடல் அச்சு, ஹெட்செட் மேல் அழுத்தத் தண்ணீரைப் பீய்ச்சாதீங்க. ஃபோர்க்கின் பளபளப்பான கால்களை ஒவ்வொரு சவாரிக்குப் பிறகும் ஈரத்துணியால் துடைங்க, ரப்பர் சீலுக்கு அடியில் மண் போகாது.

கேட்டவர்:
செயின் தேய்ந்ததா என்று தனிக்கருவி இல்லாமல் பார்க்க முடியுமா?

பதில் 3:
இரும்பு ஸ்கேல் போதும். ஒரு ஆணியின் நடுவில் பூஜ்ஜியத்தை வைத்து 24 கண்ணி தாண்டி அளந்தால் புதுச் செயினில் 304.8 மி.மீ. வரும். 9 கியர் செயின் 307 மி.மீ. தொட்டதும் மாற்றுங்கள், 11 அல்லது 12 கியர் என்றால் 306.3க்கே. தாமதித்தால் கேசட்டும் தேய்ந்து, புதுச் செயின் அதன்மேல் வழுக்கும்.