கடல் வெப்பநிலைத் தொடரின் ஆண்டுகள் ஒன்றையொன்று சாராதவையா?

கேள்வி:
ஒரு கடற்பகுதியின் 50 ஆண்டு மேற்பரப்பு வெப்பநிலைச் சராசரிகளுக்கு மீச்சிறு வர்க்க முறையில் நேர்கோடு பொருத்தினேன். சாய்வு தன் திட்டப் பிழையைப் (மதிப்பீட்டின் நிச்சயமின்மை அளவு) போல் 2.6 மடங்கு வந்ததால் வெப்பமேற்றம் உறுதி என்று அறிக்கையில் எழுதிவிட்டேன். அடுத்தடுத்த ஆண்டுகளின் மதிப்புகளுக்கிடையே 0.6 ஒட்டுறவு (ஒன்றோடொன்று சேர்ந்து மாறும் அளவு) இருப்பதை இப்போதுதான் கவனித்தேன். மதிப்புகள் ஏறுகின்றனவா இறங்குகின்றனவா என்பதை மட்டும் ஒப்பிட்டுப் போக்கை அறியும் மான்–கெண்டல் சோதனைக்கு மாறினால் சிக்கல் தீருமா?

மறுமொழி 1:
தீராது. அச்சோதனை இயல்நிலைப் பரவலைக் கோருவதில்லை என்பது உண்மைதான். ஆனால் மதிப்புகள் ஒன்றையொன்று சாராதவை என்ற எடுகோள் அதற்கும் அடிப்படை. பலரும் தவறுகிற இடம் இது.

முதலில் அந்த 0.6ஐ மறுபடி பாருங்கள். போக்கை நீக்காத தொடரில் கணக்கிட்டிருந்தால், ஏறுமுகமே ஒட்டுறவைப் பெருக்கிக் காட்டியிருக்கும். கோட்டைக் கழித்தபின் மிஞ்சும் எச்சங்களில்தான் அதைக் கணக்கிட வேண்டும். அங்கே 0.4 வருகிறது என்று கொண்டால், சாராத தரவுகளாக எண்ணத்தக்கவை 50 × (1 − 0.4) ÷ (1 + 0.4), அதாவது சுமார் 21 மட்டுமே. திட்டப் பிழை ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும், உங்கள் 2.6 சுமார் 1.7க்கு இறங்கும். 5 விழுக்காட்டு மிகைகாண் நிலைக்கு, அதாவது போக்கே இல்லாதபோதும் தற்செயலாக இப்படி வரும் வாய்ப்பு 5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்ற வரம்புக்கு, அது போதாது.

மறுமொழி 2:
இதன் காரணத்தையும் அறிந்துகொள்வது நல்லது. வளிமண்டலத்தின் தொடர்பற்ற, குறுகிய கால அதிர்வுகளைக் கடல் தன் பெரும் வெப்பக் கொள்திறனால் திரட்டி, நீண்ட கால ஏற்ற இறக்கங்களாக மாற்றிவிடுகிறது என்பதை, பின்னர் 2021இல் இயற்பியல் நோபல் பெற்ற கிளாஸ் ஹாசல்மான் 1976இலேயே கணித வடிவில் காட்டினார். ஆகவே சூடான ஓராண்டை அடுத்து இன்னொரு சூடான ஆண்டு வந்தால், அதில் ஒரு பகுதி முந்தைய ஆண்டின் மிச்சமே.

கேள்வி கேட்டவர்:
எச்சங்களில் 0.42 வந்தது. இனி வெப்பமேற்றம் இல்லை என்று திருத்தி எழுத வேண்டுமா?

மறுமொழி 1:
கூடவே கூடாது. போக்கு இல்லை என்ற இன்மை எடுகோளை மறுக்க இயலாமல் போனதை, வெப்பமேற்றம் இல்லை என்பதற்கான சான்றாகக் கொள்ள முடியாது. சாய்வை அதன் நம்பிக்கை இடைவெளியோடு (உண்மைச் சாய்வு இருக்கக்கூடிய வரம்பு) சேர்த்துத் தாருங்கள். அது சுழியத்தை உள்ளடக்கினாலும், பெரும்பகுதி ஏறுமுகத்தில் இருப்பதை வாசிப்பவர் காண்பார். இவ்வளவு குறுகிய தொடரிலிருந்து கணிக்கும் ஒட்டுறவு பெரும்பாலும் உண்மை மதிப்பைவிடக் குறைவாகவே வரும்; எனவே அந்த இடைவெளி நீங்கள் கணக்கிடுவதைவிடச் சற்று அகலமானது என்பதையும் அறிக்கையில் குறிப்பிடுங்கள்.